பேசாப்படக் கதாசிரியை ஜூன் மாத்திஸ்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, விடுதிக் கூடத்தின் சுவரில் வெள்ளைத் துணி விரித்து, ‘கிரீட்’ என்னும் பழைய அமெரிக்கப் பேசாப்படத்தைப் பார்த்தோம். நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், கதை ஏன் இடையிடையே தாவுகிறது என்று ஒருவர் கேட்டார். அரைகுறையாகப் படித்திருந்த பெருமையில் நான் எழுந்து விடை சொன்னேன். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் என்ற மேதை எட்டு ஒன்பது மணி நேரப் படமாக எடுத்து வைத்ததை, கம்பெனியின் கதை இலாகாவில் இருந்த ஒரு பெண்மணி, மூலக்கதையைக்கூடப் படிக்காமல், இரண்டேகால் மணி நேரமாக வெட்டி எறிந்துவிட்டாள் என்றேன். தையற்காரியின் கையில் பட்டுப்புடவை அகப்பட்டது போல என்று ஓர் உவமையும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநாள் இனித்தது. பிறகு இவ்வாண்டுத் தொடக்கத்தில், நூலகத்தில் வேறெதையோ தேடப் போன இடத்தில், பேசாப்படக் காலத்து ஹாலிவுட்டைப் பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. நான் அன்று பெயர்கூடச் சொல்லாமல் விட்ட அந்தப் பெண்மணியைப் பற்றி அதில் சில பக்கங்கள் இருந்தன. அவர் பெயர் ஜூன் மாத்திஸ். நான் சொன்ன கதைக்கும் அந்தப் பக்கங்களில் கண்ட தேதிகளுக்கும் ஒத்துவரவில்லை. சோதனைச்சாலையில் இரண்டு அளவுகள் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறையும் அளந்துதானே ஆகவேண்டும்? கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கம்தான் மிஞ்சியது. அன்று கேட்டுச் சிரித்தவர்களில் பலர் இந்த மலரைப் படிப்பவர்கள். ஆகவே திருத்தத்தையும் இங்கேயே எழுதுகிறேன்.

கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே, பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் லெட்வில் என்றொரு சுரங்க ஊர் உண்டு. வெள்ளி கிடைத்த காலத்தில் மளமளவென்று வளர்ந்த ஊர். அங்கே 1887 ஜனவரி 30-ஆம் நாள் ஜூன் பிறந்தார். தந்தை மருத்துவர், குடும்பப் பெயர் ஹியூஸ். பெற்றோர் பிரிந்தபின் தாயார் மறுமணம் செய்துகொண்டார். அந்த இரண்டாம் கணவரின் பெயரான மாத்திஸ்தான் மகளுக்கும் நிலைத்தது. குழந்தைப் பருவத்தில் ஓயாத நோய். மனத்தின் உறுதியாலேயே தேறியதாக அவர் கடைசிவரை நம்பினார். மறுபிறவியிலும் கண்காணாத சக்திகளிலும் நம்பிக்கை கொண்டவர். ஓர் ஓபல் கல் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டுதான் எழுத உட்காருவார். யோசனைகளை அந்தக் கல்தான் இழுத்துத் தருகிறது என்பது அவர் எண்ணம். விஞ்ஞானம் படிக்கும் எனக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மோதிரத்தோடு அவர் எழுதி முடித்தவை நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் என்பதால், அதைப்பற்றி அதிகம் பேசாமல் விடுகிறேன்.

சிறுமியாக இருக்கும்போதே மேடை ஏறிவிட்டார். ஆட்டமும் பாட்டும் கலந்த வோட்வில் நிகழ்ச்சிகளில் ஊர் ஊராகச் சுற்றினார். பிற்பாடு ஜூலியன் எல்டிஞ்ச் என்ற நடிகரின் குழுவில் சில ஆண்டுகள் நடித்தார். இந்த எல்டிஞ்ச், நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்போமே, அப்படிப் பெண்வேடம் கட்டியே பெரும் பணமும் பேரும் சம்பாதித்த மனிதர். ஜூனின் சம்பளத்தில் தாயாரும் வாழவேண்டியிருந்தது. இப்படிப் பதின்மூன்று ஆண்டுகள் மேடையில் கழிந்தன. மக்கள் எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் நாற்காலியில் நெளிவார்கள் என்பதை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாத வகையில் அவர் அங்கே கற்றார்.

பின்பு தாயாரோடு நியூயார்க் சென்று எழுத்துப் பயிற்சியில் இறங்கினார். பகலில் படிப்பு, மாலையில் படக்கொட்டகை. 1914-இல் ஒரு திரைக்கதைப் போட்டிக்கு எழுதி அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் எழுத்தைக் கண்டு வேலை தர ஆள் வந்தது. 1915-இல் ‘ஹவுஸ் ஆஃப் டியர்ஸ்’ என்ற படம் அவர் எழுத்தில் வந்தது. 1918-இல் மெட்ரோ கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டே அதன் கதை இலாகாவுக்குத் தலைவியாகிவிட்டார்.

பேசாப்படத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வசனம் இல்லை, பாட்டு இல்லை. பிறகு கதாசிரியருக்கு என்ன வேலை? ஆரம்ப காலத்தில் உண்மையிலேயே வேலை குறைவுதான். ஒரு ரீல் படம் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். டைரக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் படம் பிடித்துவிடுவார். படங்கள் ஐந்து ரீல், பத்து ரீல் என்று நீண்டபோது இந்த வித்தை பலிக்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் எண் போட்டு, அது எந்த இடம், யார் யார் இருக்கிறார்கள், எந்தக் கதவு வழியாக வருகிறார்கள், காமிரா கிட்டத்தில் இருக்கிறதா எட்டத்தில் இருக்கிறதா, எந்த இடத்தில் எழுத்து அட்டை காட்டவேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதவேண்டி வந்தது. கட்டிடம் ஒன்றைக் கட்டுவதற்கு முன் வரைபடம் போடுகிறார்களே, அதுபோல. கொத்தனாரும் அதைத்தான் பார்ப்பார், கணக்குப்பிள்ளையும் அதைத்தான் பார்ப்பார். ஒரே அரங்கில் நடக்கும் காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே வாரத்தில் எடுத்துச் செலவைக் குறைக்கலாம் என்பது இந்தக் காகிதம் இருந்தால்தான் தெரியும்.

இந்தத் துறையில் அந்நாளில் பெண்கள் ஏராளம். பிரான்செஸ் மேரியன், அனிடா லூஸ், ஜீனி மக்பர்சன் ஆகியோரின் பெயர்கள் பட ரசிகர்களுக்கே தெரிந்திருந்தன. ஜூன் மாத்திஸ் இவர்களிலிருந்து வேறுபட்டது ஒரு விஷயத்தில். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் அவரிடம் இல்லை. யார் நடிக்கவேண்டும், யார் டைரக்ட் செய்யவேண்டும், அரங்கு எப்படி இருக்கவேண்டும் என்பதிலெல்லாம் தலையிட்டார். தலையிடும் உரிமையைக் கேட்டு வாங்கினார். அந்த உரிமைதான் அவரை உயர்த்தியது. பின்னால் அதுவே அவர் தலையில் விழுந்தது.

உயர்த்திய கதையை முதலில் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டு நாவலாசிரியர் விசென்டே பிளாஸ்கோ இபான்யெஸ் 1916-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘நான்கு குதிரைவீரர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் வந்ததும் அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு விற்றது. ஆனால் படமாக்கப் பலர் தயங்கினார்கள். கதை மூன்று நாடுகளில் நடக்கிறது. அர்ஜென்டினாவில் பெரும் பண்ணை வைத்திருக்கும் கிழவர் ஒருவருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியைக் கட்டியவன் பிரெஞ்சுக்காரன், மற்றவளைக் கட்டியவன் ஜெர்மானியன். கிழவர் இறந்தபின் இரு குடும்பங்களும் ஐரோப்பாவுக்குத் திரும்புகின்றன. போர் மூள்கிறது. ஒரே பாட்டன் மடியில் விளையாடிய பேரன்கள் எதிரெதிர் பதுங்கு குழிகளில் நிற்கிறார்கள். போரைப் பற்றிய படமென்றாலே மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. மெட்ரோவின் தலைவர் ரிச்சர்ட் ரோலண்ட் துணிந்து உரிமையை வாங்கினார். கதையை ஜூன் கையில் கொடுத்தார்.

அந்தத் தடித்த நாவலைப் பிரித்து, பண்ணையையும் பாரிஸையும் போர்முனையையும் மக்கள் குழம்பாமல் பின்தொடரும்படி அவர் அடுக்கியதைக் கண்டு ரோலண்டுக்கு நம்பிக்கை வந்தது. டைரக்டரையும் கதாநாயகனையும் தேர்ந்தெடுப்பதில் அவர் சொல்லையே கேட்டார். ஜூன் சொன்ன டைரக்டர், அயர்லாந்தில் பிறந்த ரெக்ஸ் இங்கிராம். முப்பது வயதுகூட நிரம்பாதவர். சொன்ன கதாநாயகன் யாரென்றால், யாருக்குமே தெரியாத ஒரு இத்தாலிய இளைஞன். 1919-இல் வந்த ‘ஐஸ் ஆஃப் யூத்’ என்ற படத்தில் அவன் ஒரு சின்ன வேஷத்தில், கெட்டவனாக வந்து போயிருந்தான். அதைப் பார்த்துவிட்டு ஜூன் இவன்தான் வேண்டும் என்றார். 1913-இல் பதினெட்டு வயதில் கப்பலேறி நியூயார்க் வந்து, நடனக் கூடங்களில் பெண்களோடு கூலிக்கு ஆடிப் பிழைத்து, ஹாலிவுட்டில் கருத்த முகம் என்று வில்லன் வேஷங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்த ரூடால்ஃப் வாலன்டினோ அவன்தான்.

அவனுக்கு என்ன வரும் என்பது ஜூனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நாவலில் இல்லாத ஒரு காட்சியை எழுதிச் சேர்த்தார். போனஸ் அயர்ஸ் துறைமுகப் பகுதியில் புகை மண்டிய ஒரு மதுக்கூடம். பண்ணையாளின் உடையில், கையில் சவுக்கோடு வாலன்டினோ ஓரத்தில் நிற்கிறார். நடுவில் ஒருத்தி வேறொருவனோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். இவர் எழுந்து போய், எதிர்த்தவனைச் சவுக்கால் அடித்துத் தள்ளிவிட்டு, அவளோடு டாங்கோ ஆடுகிறார். கதைக்கு இந்தக் காட்சி அவசியமா என்றால் இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒரு நடிகர் பிறந்துவிட்டார். 1921 மார்ச்சில் நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. அந்த ஆண்டின் பெரும் வசூல் படங்களுள் ஒன்றாக ஆயிற்று. அமெரிக்காவெங்கும் டாங்கோ பைத்தியம் பிடித்தது. இன்றைக்கும் வாலன்டினோ என்றால் எடுத்துக் காட்டப்படும் துண்டு அதுதான். அதைக் காகிதத்தில் முதலில் ஆடவிட்டவர் யாரென்று கேட்டால் சொல்பவர் குறைவு.

அதன் பிறகு சில ஆண்டுகள் இருவரும் ஒன்றாகவே ஏறினார்கள். பால்சாக்கின் கதையிலிருந்து ‘கான்கரிங் பவர்’, நாஸிமோவா என்ற பெரும் நடிகையோடு ‘காமில்’, இரண்டும் 1921. சம்பளத் தகராறில் வாலன்டினோ மெட்ரோவை விட்டு லாஸ்கி கம்பெனிக்குப் போனார். கொஞ்ச நாளில் ஜூனும் அங்கே போனார். 1922-இல் ‘பிளட் அண்ட் சாண்ட்’. மாட்டோடு மல்லுக்கட்டும் ஸ்பானிய வீரனின் கதை. இதுவும் இபான்யெஸ் எழுதியதே. ஃபிரெட் நிப்லோ டைரக்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறது.

அதே 1922-இல் வந்த ‘யங் ராஜா’வைப் பற்றி, இந்தியாவில் உட்கார்ந்து எழுதும் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. அரியணை பறிக்கப்பட்ட ஓர் இந்திய ராஜகுமாரன் குழந்தையாக அமெரிக்காவுக்குக் கடத்திச் செல்லப்பட்டு, ஒரு சாதாரணக் குடும்பத்தில் வளர்கிறான். ஹார்வர்டில் படகுப் போட்டியில் துடுப்புப் போடுகிறான். வரப்போவதை முன்கூட்டியே காணும் சக்தி அவனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. திரைக்கதை ஜூன் மாத்திஸ். அந்த ராஜகுமாரனுக்கு மாட்டிய முத்துமாலைகளின் புகைப்படங்களைப் பார்த்தால், நம் ஊர் நகைக்கடை வாசலே நாணும். மறுபிறவி நம்பிக்கைக்காரரான அம்மையாருக்கு இந்தியா என்றால் நெற்றிக்கண் மாதிரி ஏதோ ஒன்று. படம் அப்போதே ஓடவில்லை. பிரதியும் பெரும்பகுதி அழிந்துபோய், மிஞ்சிய துண்டுகளைப் புகைப்படங்களோடு சேர்த்து ஒட்டிப் பிற்காலத்தில் ஒருவாறு உருக்கொடுத்தார்கள். பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியவர் எல்லாவற்றையும் நன்றாக எழுதினார் என்று சொல்ல நான் வரவில்லை.

இனி 1923. கோல்ட்வின் கம்பெனி அவரைத் தன் கதைப் பகுதியின் தலைவியாக அழைத்துக்கொண்டது. கம்பெனி எடுக்கும் படங்கள் பலவற்றிலும் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. அந்தக் காலத்தில் கோல்ட்வின் கையில் இரண்டு பெரிய யானைகள் இருந்தன. ஒன்று ‘பென்ஹர்’. மற்றது ஸ்ட்ரோஹைமின் ‘கிரீட்’. இரண்டையும் தனித்தனியே எழுதுகிற புத்தகங்களால்தான் குழப்பம். ஒரே தாளில் இரு பத்தியாகத் தேதிகளைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

‘பென்ஹர்’ நாவல் 1880-இல் வந்தது. மேடை நாடகமாக இருபது ஆண்டுக்கு மேல் ஓடியது. அதன் பட உரிமையைப் பெற எல்லாக் கம்பெனிகளும் அலைந்தன. உரிமை வைத்திருந்த நாடக முதலாளி எர்லாங்கர் கோல்ட்வினுக்குக் கொடுத்தபோது, வரும்படியில் பாதி எனக்கு, முக்கியத் தேர்வுகளிலும் என் சம்மதம் வேண்டும் என்று கட்டளை போட்டார். அவருக்கு ஜூன் மாத்திஸ்மேல் நம்பிக்கை இருந்தது. திரைக்கதை ஜூன் எழுதினார். சார்லஸ் பிரேபின் டைரக்டர், ஜார்ஜ் வால்ஷ் கதாநாயகன் என்பதும் அவர் தேர்வே. ரோம் நகரக் கதையை இத்தாலியிலேயே எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. இந்தப் பிடிவாதம் தவறு என்றே எனக்குப் படுகிறது. முசோலினி ஆட்சிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; தொழிலாளர் தகராறுகள்; அரங்குகள் முடியவில்லை; கப்பல்கள் மிதக்கத் தயாராகவில்லை. 1924-இன் தொடக்கத்தில் ஜூன் அங்கே போய்ச் சேர்ந்தபோது, படப்பிடிப்பில் தலையிட உமக்கு உரிமை இல்லை என்று பிரேபின் கதவைச் சாத்தினார். தான் தேர்ந்தெடுத்த டைரக்டரே தன்னை வெளியே நிறுத்திவிட்டார்.

இப்போது அடுத்த பத்தியைப் பாருங்கள். ஃபிராங்க் நாரிஸ் 1899-இல் எழுதிய ‘மக்டீக்’ என்ற நாவலை, ஒரு வரி விடாமல் படமாக்குவேன் என்று ஸ்ட்ரோஹைம் 1923 முழுதும் சான்பிரான்சிஸ்கோ தெருக்களிலும், மரணப் பள்ளத்தாக்கின் கொடும் வெயிலிலும் எடுத்தார். முடிவில் 42 ரீல். 1924 ஜனவரியில் ஒரு சிலருக்கு மட்டும் அதைப் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் வியந்தார்கள், ஆனால் எந்தக் கொட்டகையிலும் ஓட்டமுடியாது என்பது அவருக்கே தெரிந்தது. தாமே உட்கார்ந்து ஏறக்குறைய 24 ரீலுக்குக் குறைத்தார். அதற்குமேல் கை வரவில்லை. நண்பர் ரெக்ஸ் இங்கிராமுக்கு அனுப்பினார். ஆம், ஜூன் கண்டெடுத்த அதே இங்கிராம்தான். அவருடைய எடிட்டர் கிராண்ட் விட்டாக் 18 ரீலாக்கினார். இனி ஓர் அங்குலம் வெட்டினாலும் உன்னோடு பேசமாட்டேன் என்று இங்கிராம் தந்தி கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இதற்கிடையில் 1924 ஏப்ரலில் மெட்ரோ, கோல்ட்வின், மேயர் என்ற மூன்று கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. ஸ்ட்ரோஹைமுக்கு நேர்ந்த துர்ப்பாக்கியத்தை என்னவென்பது! புதிய கம்பெனியில் அதிகாரத்துக்கு வந்தவர்களில் ஒருவர் இர்விங் தால்பெர்க். இதற்கு முன் வேறொரு கம்பெனியில், ஒரு படத்தின் நடுவிலேயே ஸ்ட்ரோஹைமை வேலையிலிருந்து நீக்கியவர் அவர். பதினெட்டு ரீல் முடியாது, பத்து ரீலாக்கு என்று உத்தரவு பிறந்தது. அதைச் செய்து முடித்தவர் ஜோசஃப் ஃபார்னம் என்பவர். எழுத்து அட்டைகளுக்கு வாசகம் எழுதுவது அவர் தொழில். 1924 டிசம்பரில் வெளிவந்தது அந்தப் பத்து ரீல். நாம் சுவரில் பார்த்ததும் அதுதான். வெட்டிய சுருள்கள் அழிந்தன. 1999-இல் கிடைத்த புகைப்படங்களைக் கொண்டு நான்கு மணி நேரத்துக்கு ஒரு வடிவம் அமைத்தார்கள். அசையும் படம் மட்டும் திரும்பவில்லை.

அப்படியானால் ஜூன் மாத்திஸ் பெயர் எப்படி வந்தது? படத்தின் தொடக்கத்தில், திரைக்கதை என்ற இடத்தில் ஸ்ட்ரோஹைமின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. கதைப் பகுதியின் தலைவி என்ற முறையில் ஒப்பந்தப்படி போட்ட பெயர் அது. அதைப் பார்த்தவர்கள் வெட்டியதும் அவரே என்று முடிவு கட்டினார்கள். நாவலையும் படிக்காத, என் திரைக்கதையையும் படிக்காத கையில் படத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஸ்ட்ரோஹைம் வாழ்நாள் முழுதும் புலம்பினார். கேட்டவர்கள் அந்தக் கைக்கு ஜூனின் பெயரைச் சூட்டினார்கள். நானும் சூட்டினேன்.

அவர் கை முழுக்கச் சுத்தம் என்று வாதாட வரவில்லை. கம்பெனிக் குறிப்புகளின்படி, 1924-இன் தொடக்கத்தில் பதின்மூன்று ரீலுக்குக் குறைக்கும்படி அவரும் சொல்லியிருக்கிறார். பின் இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார். பத்து ரீலாக்கும் உத்தரவு பிறந்த நாட்களில் அவர் ஓர் கடலுக்கு அப்பால், தம் சொந்தப் படம் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் ‘கிரீட்’டை நறுக்கிய அதே புதிய அதிகாரம்தான் ‘பென்ஹர்’மீதும் கை வைத்தது. பிரேபினை நீக்கியது, அந்த இடத்துக்கு வந்தவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன ஃபிரெட் நிப்லோ. வால்ஷை நீக்கி ரமோன் நொவாரோவைப் போட்டது. ஜூனையும் நீக்கியது. மாற்று ஆட்கள் கப்பலேறிய பிறகே பழைய ஆட்களுக்குச் செய்தி வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் கிழவிகள் சொல்வது இதைத்தான்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் எடுத்ததில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, 1925-இல் படக்குழுவை ஹாலிவுட்டுக்கே திருப்பி அழைத்தார்கள். பெயர்பெற்ற தேர்ப்பந்தயத்தை அங்கே மைதானம் கட்டி, நாற்பதுக்கு மேற்பட்ட காமிராக்களை வைத்து எடுத்தார்கள். நாற்பது லட்சம் டாலரைத் தொட்டது செலவு. 1925 டிசம்பர் 30-ஆம் நாள் நியூயார்க்கில் வெளியாயிற்று. கதையமைப்பு என்ற ஒரு வரியில் ஜூனின் பெயர் மிஞ்சியது. எடுக்காத படத்தில் பழியும், எடுத்த படத்தில் ஒரு வரியும்.

இத்தாலி அவருக்குத் தந்தது ஒன்றே ஒன்று. அங்கே சந்தித்த சில்வானோ பால்போனி என்ற காமிராக்காரரை 1924 டிசம்பரில் மணந்தார். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் நேஷனல் கம்பெனி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே பொறுப்பில் இருந்தவர் பழைய மெட்ரோ ரோலண்ட். காலீன் மூர் என்ற சிரிப்பு நடிகைக்கு ‘ஸாலி’, ‘ஐரீன்’ முதலிய படங்களை எழுதினார். நன்றாக ஓடின. பெரிய அரங்குகளும் பேரழிவுகளும் எழுதிய கை, கடைப்பெண்களின் காதல் கதைகளை எழுதியது. சலித்துக்கொண்டாரோ என்னவோ, வேலையை நிறுத்தவில்லை.

வாலன்டினோவோடும் இதற்குள் முறிவு. 1924-இல், ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களின் காலத்தை வைத்து, ‘ஹூடெட் ஃபால்கன்’ என்றொரு படத்துக்கு அவருக்காக ஜூன் திரைக்கதை எழுதினார். வாலன்டினோவுக்கும் அவர் மனைவி நடாஷா ராம்போவாவுக்கும் அது பிடிக்கவில்லை; வேறொருவரை வைத்துத் திருத்தி எழுதும்படி சொல்லி அனுப்பினார்கள். ஜூன் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றது. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. தம்பிபோலத் தூக்கி வளர்த்தவன் திருப்பி அனுப்பிய காகிதக் கட்டு மனத்தை எவ்வளவு அறுத்திருக்கும் என்பதை, எழுதிக் கொடுத்ததை ஒருமுறையேனும் திரும்பப் பெற்றவர்கள் அறிவார்கள்.

1926 ஜூலையில் ‘சன் ஆஃப் தி ஷேக்’ படத்தின் முதல் காட்சியில் இருவரும் சந்தித்துச் சமாதானமானார்கள். அடுத்த மாதம் 23-ஆம் நாள் வாலன்டினோ நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். வயது 31. வயிற்றில் புண் உடைந்து சீழ் பரவியதே காரணம். தெருவில் திரண்ட கூட்டத்தில் கண்ணாடிகள் நொறுங்கின. குதிரைப் போலீஸ் வந்தது. உடலை ரயிலில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். உலகமே அழுத அந்த நடிகருக்குப் புதைக்க இடம் ஏற்பாடாகி இருக்கவில்லை. ஹாலிவுட் இடுகாட்டில் தம் குடும்பத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சுவர்க் கல்லறைகளில் ஒன்றை, தமக்கென்று வைத்திருந்ததையே, ஜூன் கொடுத்தார். வேறு நினைவிடம் எழும்பும் வரைக்கும் என்பது ஏற்பாடு.

நினைவிடம் எழும்பவில்லை. 1927 ஜூலை 26-ஆம் நாள் இரவு நியூயார்க்கில், 48-ஆம் தெரு நாடகக் கொட்டகையில், பாட்டியாரோடு ‘தி ஸ்குவால்’ என்ற நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜூன். நாடகத்தின் கடைசி அங்கத்தில் திடீரென்று அலறினார். வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைப்பதற்குள் உயிர் பிரிந்தது. இதயம் நின்றுவிட்டது. நாற்பது வயது. சில மாதங்களில் திரை பேசத் தொடங்கியது. அந்த மாறுதலை அவர் காணவில்லை.

அவர் உடல் ஹாலிவுட்டுக்கு வந்தபோது அவருக்கான இடத்தில் வாலன்டினோ இருந்தார். அவரைப் பக்கத்து அறைக்கு, ஜூனின் கணவர் பால்போனிக்கென்று இருந்த இடத்துக்கு, மாற்றினார்கள். சில ஆண்டுகள் கழித்து பால்போனி இத்தாலிக்குத் திரும்பியபோது அந்த இடத்தை வாலன்டினோ குடும்பத்துக்கு விற்றுவிட்டுப் போனார். ஆகையால் இருவரும் இன்றுவரை அடுத்தடுத்து இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 23-ஆம் நாள் வாலன்டினோவுக்காகக் கூட்டம் கூடுகிறது. கறுப்பு உடுத்திய பெண்கள் பூக்கொண்டு வருவதும் பல காலமாக நடந்து வருகிறது. பூ வைக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் ஜூன் மாத்திஸ் என்ற பெயர் பொறித்த கல் இருக்கிறது.

‘கிரீட்’ அன்று கேள்வி கேட்ட நண்பர் படிப்பு முடித்து ஊருக்குப் போய்விட்டார். அவருக்கு இந்த மலரின் ஒரு பிரதியை அனுப்பச் சொல்லிச் சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை துணி விரிக்கும்போது ‘நான்கு குதிரைவீரர்க’ளைப் போடுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டரை மணி நேரப் படம். எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லும் வேலையை நானே செய்கிறேன். முதல் அட்டையில் வரும் பெயரிலிருந்தே தொடங்குவேன்.